வேலியோரம் நின்ற காற்று

ஆல்வினா ட்ரோஸ்டின் பண்ணைக்கு வந்த சுழற்காற்று சோயா வயலின் வேலியோரம் நின்றுவிட்டது. அவள் சாகும்வரை அங்கேயே நின்றது. அது வந்த ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மழை குறைவு, பன்றி விலை சுமார். வேலிக்கருகே விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய சின்ன மகள் லோர்னாவை நோக்கித்தான் காற்று வந்தது. ஆல்வினா கோழித் தீவனம் ஒட்டிய கையோடு ஓடிப்போய்க் குறுக்கே மண்டியிட்டு ஜெபித்தாள். காற்று நின்றது. தேவாலயக் கோபுரத்தின் உயரம், சாம்பல் நிறம். உள்ளே யாருடையதோ ஒரு கொட்டகைக் கதவு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும், பால் கறப்பதற்கு முன்னால், அவள் வேலிக்குப் போய் ஜெபித்தாள். தவறினால் காற்று ஓரடி முன்னே வரும். அவள் நிமோனியாவில் படுத்த குளிர்காலத்தில் வேலிக் கம்பங்கள் சில போயின. அதனால் அவள் வெளியூர் போகவேயில்லை. லோர்னாவை ஒமாஹாவில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தாள். அங்கே நடந்த கல்யாணத்துக்குப் போகவில்லை, மகளைப் பண்ணைப் பக்கம் வரவும் விடவில்லை. அந்தக் கோபம் லோர்னாவுக்கு ஆறவில்லை. ஊர் மட்டும் பழகிக்கொண்டது. அந்தப் பக்கம் கொடி கட்டினால் துணி சீக்கிரம் காய்கிறது என்றாள் பக்கத்துப் பண்ணை ஹார்லன் கூப்மனின் மனைவி.

பிறகு ஆல்வினாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஊருக்குத் தூக்கம் போனது. கோழிக்கறி போட்டுச் சுட்ட நூடுல்ஸுடன் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அவளைப் பற்றி விசாரிக்கும்போதே அவர்கள் கண் ஜன்னலுக்கு வெளியே போனது.

“இன்னும் சாகல ஹார்லன், போய் நிம்மதியா படு,” என்றார் அவள் கணவர் எர்வின்.

அவளுக்குப் பதிலாகப் பாஸ்டர் வேலிக்குப் போய் ஜெபித்துப் பார்த்தார். காற்று ஓரடி முன்னே வந்தது. “அதுக்கு என் குரல் பிடிக்கல,” என்று சொல்லிவிட்டு அவர் வேகமாகக் காரில் ஏறினார். அதன்பின் எர்வினே தினமும் மனைவியைச் சமையலறை நாற்காலியோடு வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலி நாளுக்கு நாள் லேசாகி வந்தது அவரைக் கலங்கடித்தது.

கடைசி வாரத்தில் லோர்னா சொல்லாமல் வந்து நின்றாள்.

“நீ ஏன்டி வந்த? போ! இப்பவே காரை எடு!”

“என் கல்யாணத்துக்குத்தான் நீ வரல. உன் சாவுக்கு நான் வரக்கூடாதா?”

“அது உன்னத் தேடித்தான்டி வந்துது.” ஆல்வினா மூச்சு வாங்கினாள். “அதப் போயிடுன்னு நான் ஒருநாளும் கேட்கல. போனா வேற யார் பிள்ளை மேலயாவது விழும். இன்னைக்கு வேணாம்னு மட்டுந்தான் கேட்டேன். பயமில்லாம ஒருநாள் கண் முழிச்சதில்ல.”

லோர்னா போகவில்லை. போர்வைக்கு அடியில் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் ஆல்வினா இறந்தாள். ஊர் நிலவறைகளுக்குள் இறங்கியது. ஆலயத்தில்கூட ஜெபிக்காமல் உதட்டை மட்டும் அசைக்கும் எர்வின் வெளியே வந்தார். காற்று அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தது.

“அவ போயிட்டா,” என்றார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

காற்று அவரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், படுக்கையறை ஜன்னலருகே குனிந்தது. எர்வின் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். உள்ளே லோர்னா அம்மாவின் கையை விடவில்லை.

“நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள்.

திரைச்சீலை ஒருமுறை எழுந்து தணிந்தது. லோர்னாவின் தலைமயிர் கலைந்தது. அவ்வளவுதான். காற்று நிமிர்ந்து, வீட்டு முற்றத்தைக் கடந்து, டிராக்டர் வேகத்தில் சரளைச் சாலையோடு கிழக்கே போனது. எர்வின் அது மறையும்வரை பார்த்தார். கிழக்கே நிறையப் பண்ணைகள் இருந்தன.

ஞாயிறன்று ஆலயத்தில் ஆல்வினாவுக்காக ஜெபித்து முடிந்ததும் எர்வின் எழுந்து, வழியில் இருக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். யாரைச் சொல்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்டர் கண்ணை மூடினார். மற்றவர்களும் மூடினார்கள்.