தீப்பெட்டி அளவில் ஒரு டீக்கடை

கவியா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியதும் அறையிலிருந்த மற்ற இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

கொட்டுகிற மழை. கம்பெனி வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டிய டீக்கடை. அதன் கீழே மழைக்கு ஒதுங்கிய ஒன்பது பேர், ஆளுக்கொரு கிளாஸோடு. பின்னால் கம்பெனி பஸ். அதற்கும் பின்னால் வரிசையாக விளக்குகள். பெஞ்சுக்கடியில் ஒரு பூனை. உச்சியில் கொடி போல நெளியும் எழுத்தில் ‘மழை டீ’.

“அய்ய, அது நான்தானே? பச்ச நைட்டி!” என்றாள் பிரவீனா. ஒரகடத்தில் அந்த மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் மருமகள். மோட்டார் போட்டாச்சு, தண்ணி பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவள், குடத்தையும் தண்ணீரையும் மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதான்க்கா. பக்கத்துல மாரிக்கா. ஆட்டோக்காரர் டில்லிபாபு அண்ணன் அந்தா நிக்கிறாரு. யாரையும் விடல.”

அதே அறையில் கவியாவோடு தங்கியிருக்கும் சந்தனமாரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சின்னப் பெண்ணின் தலைக்குள் இத்தனை மழை எங்கே இருந்தது? இரண்டு வருடமாக, கம்பெனியில் டிராயிங் வேலையை முடித்து வந்து, கட்டில் ஓரத்தில் குனிந்து கவியா செய்த வீடியோ கேம் அது. சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது, தோற்பதும் கிடையாது. மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். சந்தனமாரி முதல்முறை விளையாடிய அன்று, கோவில்பட்டிக்குப் போன் பண்ண மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் கேம் விற்கும் இணையக் கடையில் அது மூன்று மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் நாலு பேர்தான் படத்தைத் தொட்டு உள்ளே வந்தார்கள். அடுத்த வாரம் அந்தக் கடையில் சின்னக் கேம்களுக்கென்று ஒரு விழா. இந்தப் புது முகப்புப் படத்தை ஏற்ற இன்று, ஞாயிறு சாயந்திரம் ஆறு மணிதான் கெடு.

“இதுலயும் யாரும் தொடலன்னா லேப்டாப்பத் தம்பிட்ட குடுத்துருவேன் மாரிக்கா” என்று காலையில் பல் விளக்கும்போது கவியா சொல்லியிருந்தாள். மிரட்டுவதற்காகச் சொல்கிற பெண் இல்லை.

“கடையில இம்புட்டுப் பெருசாவா தெரியும்?” என்று கேட்டாள் சந்தனமாரி.

“இல்லக்கா. போன்ல தீப்பெட்டி அளவுதான்.”

“அப்ப அதைக் காட்டுட்டி.”

கவியா போனில் காட்டினாள். பிரவீனா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போனாள்.

“நான் எங்க கீறேன்?”

“அந்தா, அந்தப் பச்சைப் புள்ளி.”

“புள்ளியா! இன்னாடி இது, எங்க நாத்தனார் வூட்டு மஞ்சத்தண்ணி பேனராட்டம் கீது! அதுலயும் இப்பிடித்தான், ஒரு மாமன் மூஞ்சி வுட்டுப்போனா சண்டை வரும்னு நாப்பது மூஞ்சிய போட்டாங்க. கடைசில வயசுக்கு வந்த பொண்ண தேட வேண்டியதாப் பூடுச்சி.”

சிரித்துவிட்டாள் சந்தனமாரி. கவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“எனக்குத் தெளிவாத்தான் தெரியுது” என்றாள் பிடிவாதமாக.

“உனக்குத் தெரியும். நீ வரைஞ்சது. எங்க லைன்ல ஹெட்லைட் மூடி வார்த்தவன் கையில செக்கிங்கக் குடுக்க மாட்டாக. செஞ்சவன் கண்ணு மனசுல இருக்கதைத்தான் பாக்கும். கை நீட்டுத தூரம், நாலு செகண்டு. அதுக்குள்ள ஓகேயா, கழிச்சுப் போடுத சிவப்பு ட்ரேயான்னு சொல்லணும். அப்படி வச்சுப் பாப்போமா?”

சந்தனமாரிக்கு அது ஆறு வருடப் பழக்கம். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் மூடிகளுக்கு மேல் அவள் கண்ணைத் தாண்டிப் போகும்.

கவியா அந்த இணையக் கடையில் இருபது கேம்கள் அடுக்கியிருக்கிற மாதிரி ஒரு போட்டோ செய்து, நடுவில் தன் படத்தை ஒட்டினாள். கை நீட்டி நாலு எண்ணிவிட்டுப் போனைக் கவிழ்த்தாள்.

“என்ன பாத்தக்கா?”

“குடை பிடிச்ச தவளை. மஞ்ச வீடு.”

“அப்புறம்?”

“அம்புட்டுதான்.”

கவியாவின் முகம் கறுத்தது. அழப்போகிறாள் என்று நினைத்தாள் சந்தனமாரி. அவளோ மூக்கை உறிஞ்சிவிட்டு, “சரி, யாரை எடுக்கணும் சொல்லு” என்றாள்.

“தீப்பெட்டில சேவல் படம் பாத்திருக்கியா? ஒத்தச் சேவல்தான் நிக்கும். சேவலோட சம்சாரம், கொழுந்தியா எல்லாம் வரிசையா நிக்காது.”

“அப்போ என்னிய தூக்கப்போறீங்க!” பிரவீனா எழுந்துவிட்டாள். “நல்லா இருங்கடி. பேனர்ல இல்லாதவ பந்திக்கு வர மாட்டா. இனிமே நான் பாக்கவே மாட்டேன்.” படியில் அவள் கொலுசு கோபமாக இறங்கியது.

அதற்குப் பிறகு கவியா செய்ததை சந்தனமாரி வாய் பிளந்து பார்த்தாள். ஒரு மாதம் வரைந்த பஸ் போனது. விளக்குகள் போயின. ஆட்டோக்காரர், பெஞ்ச், ஒன்பது முகங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். நெளிந்த எழுத்தைத் தூக்கிவிட்டுத் தடித்த எழுத்தைப் போட்டாள். படத்தை ஒரு நிமிடம் கறுப்பு வெள்ளையாக்கி, “வெளிச்சமும் இருட்டும் பிரியலக்கா, அதான் எல்லாம் கூழாயிருக்கு” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மழையை இன்னும் இருட்டாக்கினாள், தார்ப்பாயின் உள்பக்கம் மட்டும் மஞ்சள் வெளிச்சம் விட்டாள். அதன் நடுவே பெரிதாக ஒரே ஒரு டீ கிளாஸ். அதைப் பிடித்த ஒரு கை.

கையைப் பார்த்ததும் சந்தனமாரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். கம்பெனி லாக்கர் கதவில் நசுங்கிக் கோணிய சுண்டுவிரல். அவள் கைதான். எப்போது பார்த்து வரைந்தாள் இவள்?

“ம், எண்ணுட்டி.”

நாலு செகண்ட். போன் கவிழ்ந்தது. சந்தனமாரி தன் கையைப் பார்த்தாள், பிறகு கவியாவை.

“சிவப்பு ட்ரே.”

“அக்கா, அது உன் விரல்.”

“தெரியும்ட்டி. அதான் சொல்லுதேன். கையும் கிளாஸும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு என்னன்னே தெரியல. எடு.”

கவியா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை அழித்தாள். இப்போது கிளாஸ் தனியாக நின்றது. பளிச்சென்று இருந்தது, ஆனால் வெறிச்சென்றும் இருந்தது.

“ஒதுங்க ஆளில்லாத கடையாயிருச்சே” என்று முனகினாள் கவியா. நகத்தைக் கடித்தாள். பழைய படத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சட்டென்று பெஞ்சுக்கடியில் இருந்த பூனையை உருவி எடுத்து, கிளாஸ் உயரத்துக்குப் பெரிதாக்கி, சூட்டுக்கு முதுகு கொடுத்துச் சாய்ந்து உட்கார வைத்தாள். நனைந்த மயிர், மூடிய கண், கிளாஸின் ஆவி அதன் காதைத் தொட்டுப் போகிறது.

சந்தனமாரிக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஆனாலும், “எனக்கும் இப்ப பழகிப்போச்சு கவி. நானும் செஞ்சவ கணக்குத்தான். வேற கண்ணு வேணும்” என்றாள்.

மணி நாலே முக்கால். சந்தனமாரி கீழே போய், மாவாட்டிக்கொண்டிருந்த பிரவீனாவின் முன்னால், புதுப் படத்தை ஒட்டிய அந்த இருபது கேம் போட்டோவைப் போனில் நீட்டினாள். எது நம்முடையது என்று சொல்லவில்லை.

“அக்கா, இதுல எதை விளையாடலாம்னு ஒண்ணு சொல்லுங்க.”

“நான்தான் பாக்க மாட்டேன்னு…” என்று ஆரம்பித்த பிரவீனா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். “ஐய, பூனை டீ கிளாஸ்ல சாஞ்சிக்கினு தூங்குது பாரு!” கட்டைவிரல் தானாகப் போய்ப் படத்தைத் தொட்டது. மறுபடி தொட்டது. அழுத்தித் தேய்த்தது.

“இன்னாமே, தொறக்க மாட்டேங்குது? போன் மாட்டிக்கிச்சா?”

பின்னாலேயே இறங்கி வந்திருந்த கவியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமலே மாடிக்கு ஓடினாள், படத்தை ஏற்ற.

“இன்னாத்துக்கு ஓடறா?” பிரவீனா போனை உற்றுப் பார்த்தாள். எழுத்து கண்ணில் பட்டது. “அடிப்பாவி, மழை டீ! என்னிய தூக்கிட்டுப் பூனைய வெச்சாளா?”

“ஆமாக்கா.”

“நல்லாத்தான் கீது, போ.” விரல் இன்னும் படத்தின் மேலேயே இருந்தது. “எப்போ தொறக்கும்?”