துரை நல்லவர்

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் பழத்தட்டோடு ஆபீசுக்குப் போய் மேனேஜர் துரையைப் பார்ப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். துரை “இருந்துக்கோ” என்று வாயால் சொன்னால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உழைத்த சுப்பிரமணியத்துக்கு அந்தக் கவலையே இல்லை. சசிதரன் துரை தங்கமான மனிதர்.

மனைவி திலகம்தான் வாய்வார்த்தை போதாது என்று முரண்டு பிடித்தாள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அரசியல் சிந்தனை கற்பிக்கும் மகள் பூவிழி போனில் சொன்னது அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டது. முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் இரண்டு கட்சியாம். உன்னை யாரும் தடுக்கவில்லையா, நீ சுதந்திரமானவன் என்றது ஒன்று. தடுக்கிற அதிகாரம் ஒருவன் கையில் இருந்தாலே போதும், அவன் எவ்வளவு நல்லவனானாலும் நீ அடிமைதான் என்றது மற்றது.

“இதுக்கா புஸ்தகம் எழுதுனாங்க? செவுத்துல ஆணி அடிக்கக்கூட நான் ஆபீஸ் பக்கம் பாத்துட்டுத்தானே அடிச்சேன்” என்றாளாம் திலகம்.

சுப்பிரமணியம் முதல் கட்சி. இத்தனை வருடத்தில் நம்மை யார் எதற்குத் தடுத்தார்கள் என்று ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் புலம்பிக்கொண்டே வந்தார்.

ஆபீசில் துரை நாற்காலி போடச் சொன்னார். கடைசிவரை அங்கேயே இருங்கள் என்றார். சுப்பிரமணியத்துக்கு மனசு குளிர்ந்தது. திலகமோ அதை எழுதித் தரச் சொன்னாள். கம்பெனி அதற்கு விடாது, என் வார்த்தை போதாதா என்று துரை வருத்தப்பட்டார். அவருக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

திலகம் புருஷனைப் பார்த்தாள். பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் கடைக்கு மேலே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். செங்குத்துப் படி, சின்ன அறை, ஆனால் வக்கீல் எழுதிய ஒப்பந்தம் உண்டு. முடிவை அவரிடமே விட்டிருந்தாள்.

நன்றி சொல்லித் தட்டை நீட்டத்தான் அவர் எழுந்தார். எழுந்ததும் இடுப்பு தானாக வளைந்தது. துரை குனியச் சொல்லவில்லை. எந்தத் துரையும் ஒருநாளும் சொன்னதில்லை. அது நினைவுக்கு வந்ததும் அவருக்குச் சுரீரென்றது.

நிமிர்ந்து நின்று தட்டை மேசைமேல் வைத்தார். பக்கத்திலேயே வீட்டுச் சாவியையும் வைத்தார்.

“உங்க மேல ஒரு கொறையும் இல்ல துரை. நீங்க நல்லவராவே இருக்கணும்னு தெனம் சாமி கும்புட்டுக்கிட்டு ஒரு வீட்டுல குடியிருக்க முடியாதுலா.”

வெளியே வந்ததும் திலகத்தைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் அவரை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.