ஒரு காலர் நீள ஜெபம்

ஒரு காலர் தைக்க நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடிக்குள் அடங்குகிற மாதிரி அவள் ஒரு ஜெபம் வைத்திருந்தாள். துணியின் முனையை ஊசிக்கடியில் கொடுக்கும்போது, "இயேசப்பா, பயமா இருக்கு." வளைவில் திருப்பும்போது, "என் பிள்ளைகூட இருங்க." மறுமுனைக்கு வந்து நூலை வெட்டும்போது, "என்கூடவும் இருங்க. ஸ்தோத்திரம்." கடைசி வார்த்தை மட்டும் அவளை மீறிச் சத்தமாக வந்துவிடும். அதனால் கம்பெனியின் தையல் லைனில் எல்லாரும் அவளை ஸ்தோத்திரம் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்து மெஷின்காரி. அவளுக்கு ரேடியோ என்று பெயர். காரணம், அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும்.

அன்று காலையிலிருந்து முந்நூறு காலருக்கு மேல் ஆகிவிட்டது. ஜெபமும் முந்நூறு. ஏழு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். கணவன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கிறான். "முடிஞ்சதும் உனக்குத்தான் முதல் போன்" என்று சொல்லியிருந்தான். அவள் லீவு கேட்டுப் பார்த்தாள். "நாளைக்குச் சரக்கு கப்பல் ஏறணும். காலருக்கு வேற ஆள் இல்ல. ஆபரேஷன் பண்றது டாக்டர். நீ போய் என்ன பண்ணப்போற?" என்று சூப்பர்வைசர் கேட்டார். அவள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

போன்களைக் காலையிலேயே வாங்கி, காவலாளி மேசைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவள் இடத்திலிருந்து பார்த்தால் அலமாரி தெரியும். நாலாவது தட்டில், ஓரத்தில், அவளுடையது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால் ஒரே ஓட்டமாக ஓடி எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு ஊசி உடைந்தது.

'டக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கை தானாக உயர்ந்தது. ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும், துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்க வேண்டும், பதிவேட்டுத் தாளில் டேப் வைத்து ஒட்ட வேண்டும். தைப்பது குழந்தைகளுக்கான சட்டை. துண்டு ஒன்று தையலுக்குள் தங்கிவிட்டால், எங்கோ ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்திவிடும். அந்தச் சட்டம் நியாயமானது என்றுதான் அவளும் நினைத்தாள். எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை லைனில் யாரும் நகரக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

மூன்று துண்டுகள் கிடைத்தன. முனை மட்டும் இல்லை.

"ஸ்விட்சை அணைங்க. எல்லாரும் கீழே இறங்கித் தேடுங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. மேலே மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"உன் சாமிகிட்டயே கேளு, ஸ்தோத்திரம். அவருக்குத் தெரியாததா?" என்று முணுமுணுத்தபடி ரேடியோ காந்தத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தாள்.

மெஷின்கள் நின்றன. மின்விசிறிகளும் நின்றன. ஆறு வருடத்தில் அந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. தலை நிமிர்த்திப் பார்த்தாள். அறுபது பெண்கள், வேறு வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள், எதையுமே கும்பிடாதவர்கள்கூட, அத்தனை பேரும் முழங்காலில் இருந்தார்கள். தலைகள் தரையை நோக்கிக் குனிந்திருந்தன. உயர ஜன்னலிலிருந்து வந்த வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ரேடியோகூடப் பேசவில்லை.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஜெபத்தைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. சொல்லத் தேவையே இல்லை என்று தோன்றியது. இங்கே இருக்கிறவர் அங்கேயும் இருக்கிறார், ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில், பிள்ளையின் தலைமாட்டில். யாரோ சொல்லிக் கேட்டதாக இல்லை, கண்ணால் பார்த்ததாகவே இருந்தது. காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்திருந்தது விட்டுப்போயிற்று. மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அப்போதுதான் கட்டைவிரலில் வலி தெரிந்தது.

கட்டைவிரல் தோல் உரியாமலிருக்க அவள் எப்போதும் கறுப்புத் துணி சுற்றியிருப்பாள். அவிழ்த்தாள். துணி நனைந்திருந்தது. நகத்தின் ஓரத்தில் சதைக்குள் ஏதோ மின்னியது.

"சார், முனை என் கையில இருக்கு."

சூப்பர்வைசர் ஓடிவந்தார். சாமணத்தால் பிடித்து இழுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்த முனையை அவர் தன் சட்டையில் துடைத்து, மற்ற மூன்று துண்டுகளோடு தாளில் சேர்த்துவைத்து, புது ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார்.

"முழுசா இருக்கு! தப்பிச்சோம்!" என்று கத்தினார். டேப் கிழித்து ஒட்டினார். தேதி, நேரம், மெஷின் எண் எழுதினார். மிச்சமிருந்த டேப்பை அவள் விரலில் ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

"ரத்தம் நிக்கலையே சார்" என்றாள் ரேடியோ.

"துணியில படாம பாத்துக்கச் சொல்லு. பதினெட்டு நிமிஷம் போச்சு. அது சாப்பாட்டு நேரத்துல கழியும். யாரும் எழுந்திருக்காதீங்க. ஸ்விட்சைப் போடுங்க."

"சார், ஒரே ஒரு போன். பிள்ளைக்கு..."

"ஊசியை உடைச்சது யாரு? நானா?"

மணி அடித்தது. யாரும் எழவில்லை. மெஷின்கள் ஒன்றாக இரைந்தன.

அவள் வெள்ளைக் காலரை எடுத்து, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனையை ஊசிக்கடியில் கொடுத்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடி அலமாரியில், நாலாவது தட்டின் ஓரத்தில், அவள் போனில் வெளிச்சம் வந்தது.

"இயேசப்பா" என்று தொடங்கினாள். கால் பெடலை அழுத்தியது. துணி நகர்ந்தது. வளைவு வந்தது. திருப்பினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. மறுமுனைக்கு வந்து நூலை வெட்டும்போது அது அணைந்தது.

அடுத்த காலரை எடுத்தாள்.