அந்த மாமா வாசிக்கலை

கோடை விடுமுறைக் கச்சேரியில் குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு வரலாம் என்று இசைக்குழுக்காரர்கள் நாங்களேதான் சுவரொட்டியில் போட்டிருந்தோம். ஜப்பானின் நீகாட்டா அரங்கில் அந்த ஆகஸ்ட் நாளில் ஆயிரம் பேர். பாதிப் பேருக்குப் பால் பற்கள்.

நான் சிசுரு, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிக்கிறவள். என் கணவன் நொபுஹிசா, எனக்கு நொபு, முதல் வயலின் வரிசையில். கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் இன்றும் எங்களுக்குள் நீ, வா, போதான். மேடையில் எதிரெதிரே உட்காருவோம். பதினாறு வருஷமாக அவன் வில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறேன்.

பிள்ளைகள் கைதட்டி, காலைத் தட்டி எங்களோடு தாளம் போட்டு முடித்ததும், குழுவை நடத்தும் மினகாவா தன் குச்சியை உயர்த்தினார்.

"யாருக்கு இது வேணும்?"

ஒரே கூச்சல். குலுக்கலில் சுமிரே என்ற ஏழு வயதுப் பெண் வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"குச்சி யாரைக் காட்டுதோ அவங்க மட்டும் வாசிப்பாங்க. ரெண்டு கையையும் விரிச்சா எல்லாரும். சரியா, அம்மணி?"

டிராம்போனைக் காட்டினாள், அது யானை மாதிரிப் பிளிறியது. முரசைக் காட்டினாள், முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டது. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பிறகு கைகளை விரித்தாள். எல்லோரும் அணிவகுப்பு இசையை எடுத்தோம். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று கையை இறக்கினாள். நாங்கள் நின்றோம்.

"அந்த மாமா வாசிக்கலை."

"எந்த மாமா?" மினகாவா ஒலிவாங்கியை நீட்டினார்.

"கண்ணாடி மாமா. சும்மா ஆட்றார். அவர் குச்சி கம்பி மேல படவே இல்ல."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். சுமிரே சிரிக்கவில்லை. நொபுவை நோக்கிக் குச்சியை நீட்டினாள்.

அவன் வயலினைத் தோளில் வைத்தான். வில் கம்பிக்கு மேலே நின்றது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. அவற்றைப் பிரிக்கப் பார்த்தான், பிரியவில்லை. என் வில் கை நழுவி விழுந்த சத்தம்தான் அந்த நேரத்தில் மேடையில் கேட்ட ஒரே ஒலி.

நொபு வயலினை மடியில் இறக்கினான்.

"நீ சொல்றது நிஜம்தாம்மா," என்றான் அவளிடம். "என் விரல் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"எனக்கும்தான்," என்றாள் அவள். "பியானோ டீச்சர் திட்டுவாங்க. உங்களை யாரு திட்டுவா?"

யாரும் சிரிக்கவில்லை. மினகாவா வெளிறிப்போய், அவசரமாகக் கைதட்டி, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். மிச்சக் கச்சேரியில் நான் என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது.

வாத்திய அறையில் அவன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"எப்பலேருந்து?"

"டிசம்பர்."

"எட்டு மாசம்! எதிர்லதானே உக்காந்திருந்தேன்!"

"டோக்கியோ டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன். வாத்தியக்காரங்களுக்கு வர்ற நரம்புக் கோளாறாம். மெதுவான இடத்துல ரெண்டு விரலை வெச்சுச் சமாளிச்சேன். வேகமான இடத்துல வில்லைத் தூக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அது உண்மையாயிடும்னு பயம்."

பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குச் சண்டை போடுகிறார் என்று சொல்லி அவன் பயிற்சியை ஒத்திகை அறைக்கு மாற்றியது நினைவுக்கு வந்தது. அந்தக் கிழவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் முறைத்திருக்கிறேன். பாவம், அவர் வாயே திறந்ததில்லை.

"உன்னை அடிக்கணும் போல இருக்கு," என்றேன். பிறகு அந்தக் கையை எடுத்து, சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். விட்டதும் மறுபடி மடங்கின.

மறுநாள் அவனே நிர்வாகத்திடம் போய்ச் சொன்னான். ஒரு வருஷம் விடுப்பு கொடுத்தார்கள். மோதிர விரல் ஓரளவு திரும்பியது, சுண்டுவிரல் திரும்பவில்லை. அவன் நாற்காலியில் இப்போது ஒசாகாவிலிருந்து வந்த இளம்பெண் உட்காருகிறாள். நொபு இசைத்தாள்களைப் பராமரிக்கும் அறையில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் நிறையப் பேசுகிறான்.

நான்தான் இன்னும் தேறவில்லை. வாசிக்கும்போது எதிர்வரிசையின் வில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், கம்பியில் படுகிறதா என்று.