அவளுக்கு இல்லையாம்

முரியல் அழைத்தபோது எவலின் நூற்றுப் பதினெட்டாவது கன்றின் இலையில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை. துளைத்தெடுத்த பச்சைப் பொட்டைக் குச்சியால் தள்ளித் தட்டின் குழிக்குள் விட்டு, கன்றின் எண்ணைத் தாளில் குறித்து, வாய்க்குள் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் கையுறையைக் கழற்றினாள். வேலை நடுவில் பேச்சு கூடாது என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். அதற்குள் முரியல் மூன்றாவது தடவை அழைத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு இல்லியாம்!" என்றாள் எடுத்த எடுப்பில். "திலகா இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்க. நெகட்டிவ். காருக்குள்ளயே உக்காந்து அழுதுட்டேன்லா. உனக்கு வந்துருச்சா ரிசல்ட்?"

"இன்னும் வரல."

"வந்துரும். உனக்கும் இருக்காது பாரேன்."

உண்மையில் அவளுடைய முடிவு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து திலகா என்கிற அந்தத் தாதி இரண்டு முறை அழைத்து, இவள் எடுக்காமல் போக, கடிதமே வந்துவிட்டது. அது இப்போது அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அம்மா ஐம்பத்தோரு வயதில் மார்பகப் புற்றுநோயில் போனாள். அம்மாவின் தங்கை நாற்பத்தெட்டில் போனாள். இப்படிக் குடும்பத்தோடு ஓடி வருகிற மரபணு எதுவென்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள், நாமும் ரத்தம் கொடுக்கலாம் என்று ஜூன் மாதத்தில் அழைத்துப் போனதே முரியல்தான். அம்மாவிடமிருந்து வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று திலகா அன்று விளக்கினாள். கடிதத்தில் இருந்தது நாலே வரி. உங்கள் ரத்தத்தில் அந்த மாற்றம் காணப்பட்டிருக்கிறது. உறுதி செய்ய இரண்டாவது மாதிரி வேண்டும். அதே நாளில் மார்பு ஸ்கேனும் எடுக்கப்படும். இந்தத் தேதியில் வரவும்.

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நூற்றுப் பத்தொன்பதாவது கன்றுக்கு வந்தாள். கோலசிலாங்கூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தச் செம்பனை நாற்றுப்பண்ணை. கறுப்புப் பைகளில் ஆயிரக்கணக்கான கன்றுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காய்த்த பிறகுதான் சிலவற்றின் கொட்டை ஓடு தடிமனாகவும் எண்ணெய் குறைவாகவும் இருப்பது தெரியும். அதற்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டாம், இலையில் ஒரு பொட்டு எடுத்துப் பார்த்தாலே மரபணு சொல்லிவிடும் என்று ஆனபிறகு, பொட்டெடுக்கிற வேலை எவலினுக்கு வந்தது. ஏழு வருஷமாகச் செய்கிறாள். தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி. ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டியல் வந்ததும் தேறாத கன்றுகளுக்குச் சிவப்பு நாடா கட்டுவாள். மறுநாள் அவற்றைப் பிடுங்கி வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

முரியலுக்கு இல்லையாம். அப்படித்தானே நடக்கும். போன வருஷம் கோயில் திருவிழாக் குலுக்கலில் எவலின் பத்துச் சீட்டு வாங்கினாள். முரியல் கடைசி நேரத்தில் வந்து, சில்லறை இருக்கிறதே என்று ஒரே ஒரு சீட்டு வாங்கினாள். ரைஸ் குக்கர் முரியலுக்கு விழுந்தது. வீட்டில் ஏற்கனவே இரண்டு இருக்கிறதென்று சொல்லி அதை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனாள். எவலின் இன்றைக்கும் அதில்தான் சோறு ஆக்குகிறாள். விழுந்ததுகூடப் பெரிதில்லை, கொடுத்ததுதான் தாங்கவில்லை. முரியலுக்கு அம்மாவின் நிறம், அம்மாவின் முடி, உபகாரச் சம்பளம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வேலை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்து வாங்கிய டாக்டர் பட்டம், புக்கிட் செந்தோசாவில் மூலை வீடு. இதற்கெல்லாம் எவலின் பழகியிருந்தாள். முரியல் படித்தாள், வாங்கினாள். ஆனால் இந்தப் பாதிக்குப் பாதியில் படிப்பு எங்கே வந்தது? அம்மா படுத்த படுக்கையாய் இருந்த பதினான்கு மாதமும் புண்ணுக்குத் துணி மாற்றியது யார்? சனிக்கிழமை தோறும் ஆரஞ்சு வாங்கி வந்தவளுக்கு ஒன்றுமில்லை. துணி மாற்றியவளுக்கு இது.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஜூன் மாதம் இரண்டு பேருக்கும் ஒரே அறையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேர் குப்பிகளும் ஒரே தட்டில் கிடந்தன. இரண்டு பேருக்கும் ஒரே அப்பா பெயர். ஸ்டிக்கர் மாறியிருந்தால்?

மாறும். எவலினைவிட அது யாருக்குத் தெரியும்? மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தட்டில் அவள் ஒரு குழி தள்ளிப் போட்டுவிட்டாள். அந்த வரிசை முழுக்க ஒவ்வொன்றும் ஓரிடம் தள்ளிப்போயிற்று. கண்டுபிடித்தபோது நல்ல கன்றுகள் பதினொன்று வெட்டுப்பட்டுக் கிடந்தன. மேற்பார்வையாளர் தேவதாஸ் அன்று லீவு. யாரிடமும் சொல்லவில்லை. தன்னைப் போலப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவளுக்கே தவறுமென்றால், ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி குத்துகிற தாதிக்குத் தவறாதா?

படுக்கப் போகும்போது, ரத்தம் எடுக்கிற நேரம் பார்த்து வாசலிலிருந்து யாரோ திலகாவைக் கூப்பிட்டதும், அவள் திரும்பிப் பேசியதும் ஞாபகம் வந்தது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கையில், இரண்டு ஸ்டிக்கர்த் தாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தபோது எல்லாம் துலக்கமாகவே தெரிந்தது.

கடிதத்தை மலாயில் எழுதினாள். பள்ளியில் எந்தப் பாடம் காலை வாரினாலும் கடிதம் எழுதுவதில் மட்டும் அவளுக்கு முழு மதிப்பெண் வரும். தேதி, பொருள், வணக்கம், பிறகு ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு. ஒன்று, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ரத்தம் எடுக்கப்பட்டது. இரண்டு, தாதியின் கவனம் சிதறியது, மணி பத்து இருபது இருக்கும். மூன்று, என் குப்பியின் மேல் என் தங்கையின் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே இருவரிடமும் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும், அதுவரை நான் வருவதற்கில்லை.

இந்தக் கடிதமும் ஆய்வுக்கூடத்துக் கடிதமும் கணவர் பெர்னாட்டின் கண்ணில் ஒரே நேரத்தில் பட்டன. லோரி ஓட்டுகிற மனிதர், மெதுவாகத்தான் படிப்பார். சேலைக்கு அடியில் இருந்ததை முதலில் படித்தார், வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு இவள் எழுதியதைப் படித்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அந்த கேண்டீன்ல மீகூன் நல்லா இருந்துச்சுன்னு மட்டுந்தானே சொன்னே."

"ஞாபகம் வர வேணாமா?"

"செவ்வாக்கிழம போயிரு எவலின். யார்து மாறுச்சோ மாறலியோ, நீ போயிரு. ஸ்கேனும் எடுக்கணும்னு போட்டிருக்கான் பாரு."

"அவ குடுக்கட்டும். அப்பறம் போறேன்."

திங்கட்கிழமை கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நாற்றுப்பண்ணைக்குப் போனாள். நூற்று நாற்பது பொட்டு எடுத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

சனிக்கிழமை முரியலின் கார் வாசலில் வந்து நின்றது. கூடவே அவள் மூத்த மகள் ஷெல்லி. பதினேழு வயது, காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். "பெரியம்மா, பசிக்குது" என்று நேராகச் சமையலறைக்குள் போனாள். டீ-ஷர்ட்டில் அவள் கடந்து போகையில் எவலினின் கண் தன்னை அறியாமல் அந்தப் பெண்ணின் மார்புக்குப் போய், சுட்டதுபோலத் திரும்பிவந்தது.

முரியல் உட்காரவில்லை. முகம் கழுவாமல் வந்தவள்போல இருந்தாள்.

"லெட்டர் வரலன்னு சொன்னியேக்கா."

எவலின் எதிர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"வியாழக்கெழம என்னைக் கூப்பிட்டாங்க. ஒங்க அக்கா பாத்தேன்னு எழுதியிருக்காங்க, மறுபடி வாங்கன்னாங்க. நேத்தே போய் ரத்தம் குடுத்துட்டு வந்துட்டேன், ஒன் லெட்டரயும் காட்டுனாங்க. மூணு வாரம் ஆகுமாம்."

குடுத்துட்டு வந்துட்டேன். எவலினுக்கு முதலில் வந்தது கோபம்தான். இதிலும் முந்திக்கொண்டாள். லீவுக்கு மண்டோர் தேவதாஸைக் கெஞ்ச வேண்டியதில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை. காரை எடுத்தாள், கையை நீட்டினாள், வந்துவிட்டாள்.

"மெய்யாலும் பாத்தியா?"

"பாத்தேன்லா."

முரியல் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குன்னா கூடப் பரவால்ல. எனக்கு இருந்தா இவளுக்கும் பாதிக்குப் பாதி. சின்னவனுக்கும். திலகா சொன்னாங்கள்ல, பையனா இருந்தாலும் வரும்னு. அன்னிக்கு நெகட்டிவ்னு வந்ததும் நான் முதல்ல சொன்னது ஷெல்லிகிட்டதான். துள்ளுனா. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்லுறது?"

உள்ளே ஷெல்லி குக்கரின் மூடியைத் திறந்து பார்த்து, "பெரியம்மா, கறி எங்க?" என்று கத்தினாள். எவலின் எழுந்து போய்க் குழம்பைச் சூடாக்கி, பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். அவள் போட்டியெல்லாம் முரியலோடு மட்டும்தான் இருந்தது. அந்த ஸ்டிக்கரை மனசுக்குள் உரித்துத் தங்கையின் குப்பியில் ஒட்டியபோது, அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர் நிற்பதை அவள் பார்க்கவே இல்லை.

"வர்ற செவ்வாக்கிழமைக்கு உனக்கு வேற தேதி குடுத்துருக்காங்க," என்றாள் முரியல் கிளம்பும்போது. "லீவு போட்டுட்டேன். நானே வந்து ஏத்திக்கறேன். வரலன்னு சொன்னியோ, மாமாகிட்ட சொல்லித் தூக்கிட்டுப் போவேன்."

செவ்வாய்க்கிழமை முரியலின் கார் ஈஜோக் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி ஊர்ந்தது. முரியல் அதை முந்தாமல் பின்னாலேயே போனாள்.

"நான் பாக்கல முரியல்," என்றாள் எவலின், லோரியைப் பார்த்தபடி.

"எதை?"

"ஸ்டிக்கர மாத்தி ஒட்டினதை."

லோரி ஒரு மண் சாலைக்குள் திரும்பிப் போனது. எதிரே ரோடு வெறுமையாகக் கிடந்தும் கார் அதே வேகத்தில்தான் போயிற்று.

"நல்லா எழுதறேக்கா நீ. எங்க காலேஜ் பிள்ளைங்க யாரும் இவ்வளவு தெளிவா எழுத மாட்டாங்க. மூணு பாயிண்ட். மணி வேற போட்டிருக்கே, பத்து இருபதுன்னு."

எவலின் மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கணும்னு நெனச்சியா?"

"எனக்கு மட்டும் ஏன்னு நெனச்சேன்."

"ரெண்டும் ஒன்னுதான்லா," என்றாள் முரியல்.

அதற்குப் பிறகு வானொலியைப் போட்டாள். யாரோ சமையல் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் முரியல் வரவில்லை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே திலகாவோடு இன்னொரு தாதியும் இருந்தாள், மலாய்ப் பெண். அவள் கையில் ஒரு படிவம்.

"இனி ரெண்டு பேரா இருந்துதான் ஒட்டணும்கா. புது ரூல்," என்றாள் திலகா. குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. எவலினுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் எழுதுனது..." என்று ஆரம்பித்தாள். "மொதல்ல இது முடியட்டும்கா, கைய ஆட்டாதீங்க," என்றாள் திலகா, நரம்பைத் தடவியபடி. ஊசி ஏறியது. குப்பியில் ரத்தம் கறுத்து நிறைந்தது.

கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே முரியல் தெரிந்தாள். கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த கிழவி ஏதோ கேட்க, நிமிர்ந்து பதில் சொல்லிச் சிரித்தாள். அழகாகத்தான் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவளுக்கு இல்லை என்றுதான் வரும். எவலினுக்கு அது தெரிந்தது. வர வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். ஷெல்லிக்காக நினைக்க முடிந்தது. முரியலுக்காக என்று நினைக்கப் போனபோது, உள்ளே எதுவோ இன்னமும் முரண்டு பிடித்தது.

திலகா ஸ்டிக்கரை உரித்துக் குப்பியில் சுற்றி ஒட்டி, அவளிடம் நீட்டினாள். "பேரையும் ஐ.சி. நம்பரையும் நீங்களே சத்தமாப் படிக்கணும். ஒங்களோடதுதான்னு சொல்லணும்."

எவலின் வாங்கிக்கொண்டாள். படித்தாள். பெயர், அப்பா பெயர், அடையாள அட்டையின் பன்னிரண்டு எண்கள், ஒவ்வொன்றாக. மலாய்ப் பெண் படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒங்களோடதுதானேக்கா?"

குப்பி சூடாக இருந்தது. அது இப்படிச் சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். திலகா கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தாள்.