கரைக்கு வந்ததும் சொல்லலாம்

"அத எடு. இப்பவே எடு" என்று சொல்லிக்கொண்டே ஜூடி தன் புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

பிராங்கிளின் ஸ்டேட்டஸ் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜானட்டின் ஆதார் அட்டைப் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே 'கண்ணீர் அஞ்சலி', மூலையில் எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைப் புறா. உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் புறா பறந்தாயிற்று. ஜூடி அதை அழித்தாள். அதற்குள் சிலர் பார்த்திருந்தார்கள். யார் யார் என்று தேடினாள். மாமியார் பெயர் இல்லை, மாமனார் பெயரும் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இன்னா பண்ற நீ? செத்தது எங்க அத்த. ஊருக்கு சொல்ல வேணாமா?"

"சொல்லு. வூடு வூடா போய் வாயால சொல்லு. போன்ல வேணாம். அத்தயும் மாமாவும் பாத்துருவாங்க."

"பாக்கட்டுமே. அவங்களுக்குத்தான மொதல்ல சொல்லணும்?"

"நாளைக்கு சொல்லலாம். கப்பல் கரைக்கு வந்ததும் சொல்லலாம்."

பிராங்கிளின் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவ்வப்போது பார்க்கிற பார்வைதான், அவள் சட்டை செய்யவில்லை.

ஜானட், ஜூடியின் மாமனார் யேசுதாஸின் தங்கை. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்தது. அந்த வாய்க்குத் தப்பிய ஆள் கல்மண்டபம் ஏரியாவில் கிடையாது. மாமியார் ஞானம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாளே நாத்தனாரைக் குளிப்பாட்டத் தொடங்கியவள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் அவளுடைய காலை, மாலை, பண்டிகை எல்லாம்.

புருஷனும் பெண்டாட்டியுமாக வெளியூர் கிளம்பியதே இல்லையா என்றால், கிளம்பியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததில்லை. வேளாங்கண்ணிக்குக் கிளம்பி, ஜானட்டுக்கு ஜுரம் என்று விழுப்புரத்திலேயே இறங்கித் திரும்பினார்கள். ஊட்டி மலை ரயில் ஏறுவதற்காக மேட்டுப்பாளையம் வரை போனார்கள். ரயில் பிளாட்பாரத்தில் நிற்கிறது, சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. "ஏறலன்னா இன்னா, அந்தப் பெட்டிய தொட்டுப் பாத்துட்டு வந்தேன்" என்று ஞானம் ஒருமுறை ஜூடியிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். கேட்ட ஜூடிதான் அன்றிலிருந்து அவர்களுக்கென்று ஒரு பயணம் தேட ஆரம்பித்தாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன யேசுதாஸ், ஆயிரம் கப்பலை மேலேயிருந்து பார்த்தவர். ஒன்றிலும் பயணியாகக் கால் வைத்ததில்லை. அறுபது தாண்டிய தம்பதிகளுக்கென்று ஒரு சுற்றுலா வந்தபோது அதைக் கண்டுபிடித்தவள் ஜூடி. விசாகப்பட்டினம் வரை ரயில், அங்கிருந்து கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் அரக்கு மலை, திரும்பி வரும்போது சென்னை வரை கப்பல். ஞானம் மாட்டேன் என்றாள். ஜானட்தான், "நீங்க போகலன்னா நான் ஒரு வாய் துன்ன மாட்டேன்" என்று மூன்று வேளை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். "நான் பாத்துக்கறேன் அத்த" என்று ஜூடியும் வாக்குக் கொடுத்து அனுப்பினாள்.

பார்த்துக்கொண்டாள். அன்று காலைகூட முதுகைத் துடைத்து, டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுத்தாள். "ரொம்ப ஊறவெக்காதடி, கொழகொழன்னு ஆய்டும்" என்றாள் ஜானட். ஜூடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடலாம். வாக்குக் கொடுத்தவள் ஜூடி. அவள் பொறுப்பில் இருந்தபோதுதான் உயிர் போயிருக்கிறது.

மத்தியானத்துக்குள் ஐஸ் பெட்டி வந்தது, நாற்காலிகள் வந்தன, எண்ணூரிலிருந்து சைமனும் வந்தார். சைமன், யேசுதாஸின் தம்பி. அக்கா தலைமாட்டில் நின்று கொஞ்ச நேரம் குலுங்கி அழுதார். கண்ணைத் துடைத்ததும் முதல் வேலையாக, "அண்ணனுக்கு சொல்லியாச்சா?" என்றார்.

"இல்ல சின்ன மாமா. நாளைக்கு காலைல கப்பல் வந்துரும். அப்ப சொல்லிக்கலாம்."

"இன்னாது?"

"இப்ப சொன்னா நீந்தியா வருவாங்க? சொன்னாலும் நாளைக்குத்தான் வருவாங்க, சொல்லலன்னாலும் நாளைக்குத்தான் வருவாங்க. எப்டியும் அடக்கம் நாளைக்கு சாய்ங்காலம்தான். அதுவரைக்கும் அவங்க இருந்துட்டு வரட்டும்."

சைமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவ போய்ட்டா. அழறதுக்கு எங்க அண்ணனுக்கு உரிமை இல்லியா? அந்த அழுகைய தள்ளி வெக்க நீ யாரும்மா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். எதிராளி அநியாயமாகப் பேசினால் சண்டை போடலாம். நியாயமாகப் பேசினால் என்ன செய்வது? ஆனாலும் மேட்டுப்பாளையத்தில் ரயில் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பொம்பளை அவள் கண்முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். இந்த ஒரு பயணத்தையாவது அத்தை முடித்துவிட்டு இறங்கட்டும். அதற்கு மேல் ஜூடிக்கு யோசனை ஓடவில்லை.

"யாரும் இல்ல. ஆனா சொல்ல விடமாட்டேன்" என்றாள்.

"பாத்துக்கறேன்னு சொன்னவ கைல உசுரு போயிருக்கு. அதான் மறைக்கிறா" என்றார் சைமன், அவளிடம் இல்லை, கூடத்தைப் பார்த்து. அது நன்றாகவே குத்தியது. ஜூடி சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அன்றைக்கு அவள் ஒரு தெருவின் வாயையே கட்ட வேண்டியிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் கையைப் பிடித்துக்கொண்டு, "போன்ல போடாதீங்கக்கா, கப்பல்ல பாத்துருவாங்க" என்றாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நாலு பேர் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். ஃப்ளெக்ஸ் கடை தவ்ஃபீக் ஆளுயர பேனரைச் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே வந்து நின்றான். பேனர் கட்டினால் அதைப் படம் எடுத்துப் போடாத ஆள் உண்டா?

"நாளைக்கு கட்டலாம் தவ்ஃபீக்."

"இன்னாக்கா, நம்ம தெருவுல சாவு வுழுந்து பேனர் இல்லன்னா என் கடைக்கு எவன் வருவான்?"

"அப்டியே சுருட்டி வெச்சிக்க. நான் சொன்னப்பறம் எவ்ளோ பெருசா வேணாலும் கட்டு."

பொழுது சாயும் நேரம், கூடத்தில் ஜெபமாலை தொடங்கியிருந்தது. போன் அடித்தது. கப்பல் வைஃபையில் மாமியார். முந்தின நாளும் இதே நேரத்துக்குத்தான் கூப்பிட்டு, ஜானட்டுக்குக் கடலைக் காட்டினாள். ஜூடி போனை முந்தானையில் மூடிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சைமன்தான்.

எடுத்தாள். தன் பக்கத்து வீடியோவை அணைத்துவிட்டாள்.

"உன் மூஞ்சி தெர்லயே ஜூடி."

"நெட்டு சரியில்ல அத்த. எனக்கு உங்க மூஞ்சி தெரியுது."

தெரிந்தது. ஞானம் சுடிதார் போட்டிருந்தாள். வாழ்நாளில் முதல் தடவை. தலைமுடி காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்க, அதை ஒதுக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜானட்டு கைல குடு. வானம் இன்னா கலர்ல கீது பாரு, அவ பாக்கட்டும்."

"தூங்கிட்டாங்க அத்த."

"இந்நேரத்துலயா?"

"மாத்திர போட்டாங்க. அசந்துட்டாங்க."

"இன்னா அது, ஜெபம் சத்தம்?"

"பக்கத்து வூட்ல ஜெபக்கூட்டம்."

"திருப்பிப் படுக்க வெச்சியா? வெந்நீர்ல தொடச்சியா?"

"தொடச்சேன் அத்த" என்றாள் ஜூடி. அது ஒன்றுதான் உண்மை. காலையில் உயிர் போன பிறகும் வெந்நீர் வைத்துத்தான் துடைத்தாள். பச்சைத் தண்ணீர் என்றால் ஜானட்டுக்குப் பிடிக்காது.

சைமன் போனைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஞானம் போனைத் திருப்பிக் காட்டினாள். "உங்க மாமன் கூத்த பாரு!" யேசுதாஸ், தலையில் பெரிய வைக்கோல் தொப்பி, தாளம் தப்பித் தப்பி ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் போலவே நரைத்த நாலைந்து பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சைமன் தன் அண்ணனை அப்படிப் பார்த்ததில்லை. அப்பா செத்த பிறகு வீட்டைத் தூக்கிச் சுமந்தவர், சிரித்தால்கூட எதற்கு என்று யோசிக்க வேண்டிய மனுஷர். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"சரி அத்த, டவர் போவுது. நல்லா இருங்க. காலைல கேட்டாண்ட நான் வரேன்."

ஜூடி போனை அணைத்தாள். சைமன் படியிறங்கினார். அவள் அங்கேயே தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அழவே அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

மறுநாள் காலை பிராங்கிளின் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஜூடி பைக் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"பொய் சொன்னது நானு. நானே போறேன்."

"அம்மா உன்ன மன்னிக்க மாட்டாங்க."

"தெரியும்" என்றாள்.

துறைமுக வாசலில் அவள் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து வந்த பஸ் ஒவ்வொருவராக இறக்கிவிட்டது. எல்லாரும் வெயிலில் கறுத்து, தூக்கம் கெட்டு, சந்தோஷமாக இருந்தார்கள். யேசுதாஸ் அதே தொப்பியில் வந்தார். கழுத்தில் நீல நாடாவில் கப்பல் அறையின் அட்டை தொங்கியது. ஞானம் தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். கிட்டே வர வர அந்தக் கை மெல்ல இறங்கியது.

ஜூடி சுற்றி வளைக்கவில்லை. "ஜானட்டம்மா போய்ட்டாங்க அத்த. நேத்து காலைல. வலி ஒண்ணும் இல்ல, டீ குடிச்சாங்க, அப்டியே போய்ட்டாங்க."

யேசுதாஸ் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து காலைலயா?" என்றாள் ஞானம்.

"ம்."

"சாய்ங்காலம் போன்ல பேசினது நீதான?"

"நான்தான்."

யேசுதாஸ் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "எந்தங்கச்சி அங்க பொணமா கெடக்கறா, நான் தொப்பி மாட்டிகினு ஆடிகினு இருந்தேன். அவ மூஞ்சில நான் எப்டிம்மா முழிப்பேன்? சொல்லு. எப்டி முழிப்பேன்?"

ஜூடி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. செய்ததற்கு வருத்தப்படாமல் மன்னிப்புக் கேட்பது இன்னொரு பொய்யாகிவிடும். ஞானம் அவளையே பார்த்தாள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றினாள், புருஷன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஜூடி ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தெரு முனையில் தவ்ஃபீக் பேனர் கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் கூட்டம். ராத்திரி அடங்கியிருந்த சைமன், நாலு பேர் முன்னால் மறுபடி பழைய சைமன் ஆகிவிட்டார். ஆட்டோ நின்றதுமே வந்தார்.

"அண்ணி, உன் மருமவ பண்ண வேலய கேட்டியா? அண்ணனுக்கு சொல்லணும்னு நான் தலப்பாடா அடிச்சிகினேன். தெருவே அடிச்சிகிச்சு. ஒருத்தன் பேச்சும் கேக்கல. இப்ப கேளு அண்ணி, இத்தினி பேர் கீறாங்க, அவ வாயால சொல்லட்டும்."

தெரு முழுக்கக் காத்திருந்தது. பிராங்கிளின் வாசற்படியிலிருந்து ஒரு அடி இறங்கி, அங்கேயே நின்றான்.

ஞானம் ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்கினாள். சுடிதாரின் துப்பட்டாவைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டாள்.

"அவள இன்னாத்துக்கு கேக்கற சைமன்? நான்தான் சொல்லிட்டுப் போனேன். எது நடந்தாலும் நாங்க கரைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினு போனேன். கேக்கறதா இருந்தா என்னக் கேளு."

ஜூடி சட்டென்று நிமிர்ந்தாள். அப்படி ஒரு சத்தியம் யாரும் வாங்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை. யேசுதாஸ் தன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரியும். தொப்பியைக் கழற்றி ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு, "ஜானட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். அதற்குப் பிறகு கூடத்திலிருந்து அவர் அழுகை மட்டும்தான் கேட்டது. சைமன் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் பின்னால் போனார்.

கூட்டம் ஐஸ் பெட்டியைச் சுற்றி மறுபடி கூடியது. ஜூடி டீ டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். கூடத்துக்குள் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஞானம் பெட்டியின் தலைமாட்டில், பாயில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தாண்டி ஜானட்டின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இடது கை மட்டும் பக்கத்தில் பாயின்மேல் விரிந்திருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி அந்த இடத்தில் உட்காரக் குனிந்தாள். ஞானம் கையை எடுக்கவில்லை. வந்தவள் சுவரோரம் நகர்ந்து போனாள். இன்னொருத்தி வந்தாள். அப்போதும் கை அங்கேயே இருந்தது.

ஜூடி டீ டம்ளர்களைக் கீழே வைத்தாள். கால்களைத் தாண்டி, முட்டிகளை ஒதுக்கி, மெல்ல நடந்து போய்ப் பாயின் ஓரத்தில் நின்றாள். ஞானம் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.