மிதந்த கட்டி

அக்கா வீட்டுக்காரர் ஆணழகன். அதை அவரே சொல்லிக்கொள்வார். ஐம்பத்து நாலு வயதிலும் தினமும் எடை தூக்குகிற மனிதர், பின்கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியபோதும் அசரவில்லை.

"தசைதான். உழைச்ச உடம்பு, அங்கேயும் இறுகியிருக்கு" என்றார்.

"வேண்டாம் மாமா, தசைக்கு மட்டும் ஆசைப்படாதீங்க" என்றேன்.

திசுப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். கொழுப்பு, நார், நரம்பு, ரத்தக்குழாய், தசை என்று எதன் சாயல் தெரிகிறதோ, அதன் பெயரைத்தான் கட்டிக்கு வைப்போம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பரம சாது. கைகால் தசையின் சாயலில் வருகிறவைதான் பெரும்பாலும் வம்பு.

கட்டியை வெட்டியெடுத்தார்கள். டப்பா என் மேஜைக்கே வந்தது. எங்கள் கூடத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டி கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் திரவத்தில் அது மிதந்தால் உடனே கொழுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். மாமாவின் கட்டி ஜம்மென்று மிதந்தது. அறிக்கை வருமுன் வாய் திறக்கக் கூடாது என்ற விதி சுவரில் ஒட்டியிருக்கிறது, சரியாக என் முதுகுக்குப் பின்னால்.

அக்காவைப் போனில் பிடித்தேன். "வெறும் கொழுப்புக்கா! உன் ஆணழகன்கிட்ட சொல்லு."

மாமா போனைப் பிடுங்கினார். "கொழுப்பா? எனக்கா?"

"உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு மாமா?"

மதியம் எங்கள் கூடத்து டாக்டரம்மா கட்டியைக் குறுக்கே வெட்டினார். மஞ்சள் கொழுப்புக்கு நடுவே வெள்ளையாக, கெட்டியாக ஒரு திட்டு.

"இதுல இன்னும் நாலு துண்டு எடும்மா. தனிச் சாயம் போட்டுப் பாக்கணும்."

மிதக்கிற கொழுப்புக்குள்ளும் புற்று ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அவசரக்குடுக்கை நான்.

அதற்குப் பிறகு அக்கா கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று நழுவினேன். இரண்டாம் நாள் அவளே வரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததால் போனேன். மாமா வழக்கம்போல் கையை மடக்கித் தசையைக் காட்டினார். "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். "கொழுப்புக் கட்டிதான். நடுவுல நீள நீளமா செல் இருக்கு. பாக்கப் பயமா இருந்தாலும் ஒண்ணும் பண்ணாது. இந்த வயசு ஆம்பளைங்களுக்குப் பின்கழுத்துல வரதுதான்."

கழிப்பறைக்குள் போய் அழுது தீர்த்தேன். சாயங்காலம் மாமாவிடம் அறிக்கையை நீட்டினேன்.

"கொழுப்பேதான் மாமா. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க."

அவர் அதைப் பிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தாநாள் நல்லா இருக்குன்னு சொன்னியே. இருபது வருஷத்துல நீ அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"என்ன மாமா புரிஞ்சுது?"

"நேத்து உங்கக்காவுக்கு கேஸ் சிலிண்டர் மாத்தக் கத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டா. சும்மாதான்னு சொல்லிவச்சேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பக் கையக் காட்டுங்க" என்றேன். காட்டினார்.

"இதுல பாதி சட்டைத் துணிதான் மாமா."

அதற்குப் பிறகுதான் அறிக்கையைப் பிரித்தார்.